வாடகைக்கு விட ஒரு வீடு: வாங்கும் முன்பும் விட்ட பின்பும்

ஓய்வுபெறும்போது வருகிற பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு பிளாட் வாங்கிப் போட்டுவிட்டால் மாதம் பிறந்ததும் வாடகை வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நம்புவதில் தவறில்லை. ஆனால் கணக்குப் போடாமல் இறங்குகிறவர்கள்தான் அதிகம். வரிசையாகப் பத்து வீடு கட்டி விடுகிறவர்களுக்காக இந்த அத்தியாயத்தை எழுதவில்லை. ஒரே ஒரு பிளாட்டையோ சொந்த வீட்டு மாடியில் ஒரு போர்ஷனையோ வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தைக் குடும்பச் செலவுக்கு நம்பியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களுக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே வலிக்கும்.

முதலில் கணக்கு

சென்னைப் புறநகரில், மேடவாக்கம் பக்கம், 60 லட்ச ரூபாய்க்கு ஒரு டபுள் பெட்ரூம் பிளாட் என்று வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம். கபோர்டு, கிரில் கேட், ஃபேன், கீசர் என்று இன்னும் ஒன்றரை லட்சம். ஆக, கையை விட்டுப் போவது கிட்டத்தட்ட 67 லட்சம். மாத வாடகை 16,000 என்றால் ஆண்டுக்கு 1,92,000 வரும். அதோடு கணக்கை மூடிவிடக் கூடாது. ஆள் மாறும்போது வீடு ஒரு மாதமாவது காலியாக இருக்கும், 16,000 போயிற்று. சொத்துவரிக்கு 5,000. குழாய், மோட்டார், கதவு என்று பழுதுபார்க்க 12,000. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க 30,000 ஆகுமென்றால் வருடத்துக்கு 10,000. மிஞ்சுவது 1,49,000. போட்ட முதலுக்கு 2.2 சதவீதம்தான். வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வட்டி வந்திருக்கும்.

“நிலத்தின் விலை ஏறுமே” என்பார்கள். ஏறும். ஆனால் பிளாட்டில் விலை ஏறுவது உங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத நிலத்துக்கு, அதாவது யு.டி.எஸ்.சுக்கு மட்டும்தான். கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகிக்கொண்டே போகும். ஆயிரம் சதுர அடிக்கு 300 சதுர அடி யு.டி.எஸ். தருகிற பத்து மாடிக் கட்டடத்தையும், 600 சதுர அடி தருகிற பழைய மூன்று மாடிக் கட்டடத்தையும் சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். நீச்சல்குளமும் ஜிம்மும் வாடகையைக் கொஞ்சம் கூட்டலாம். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை அதைவிட அதிகமாகக் கூட்டிவிடும். வீடு காலியாக இருக்கும் மாதங்களில் அந்தக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 39,000 ரூபாயைத் தொடும். வரும் வாடகை 16,000. மீதி 23,000 ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். “வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும்” என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், அவரிடமே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் வாடகை வருமானமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஏற்கெனவே சொந்த மனையில் வீடு இருக்கிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை, மாடியைக் கட்டுங்கள் என்பதுதான். நிலத்துக்குப் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. 700 சதுர அடியில் இரண்டு சிங்கிள் பெட்ரூம் போர்ஷன்கள் கட்ட சதுர அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 16 லட்சம் ஆகும். தாம்பரத்திலோ திருச்சியிலோ தலா 8,000 வாடகை கிடைத்தால், ஒரு மாதக் காலியும் 25,000 ரூபாய் பராமரிப்பும் போக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் நிற்கும். போட்ட பணத்துக்கு 9 சதவீதம். மேடவாக்கத்துப் பிளாட் தருகிற அதே தொகை, நான்கில் ஒரு பங்கு முதலில். ஆனால் அஸ்திவாரமும் தூண்களும் மாடியைத் தாங்குமா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள். மேஸ்திரியின் வாய்ச்சொல் இதற்குப் போதாது. திட்ட அனுமதி வாங்குங்கள். மாடிப்படியை வெளியிலிருந்து வைத்துக் கட்டுங்கள். உள்ளே வைத்த படி உங்கள் குடும்பத்துக்கும் நிம்மதியில்லை, குடிவருகிறவர்களுக்கும் நிம்மதியில்லை.

எங்கே வாங்குவது

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி, இவற்றையெல்லாம் வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்ப்பது எந்த வீட்டுக்கும் பொதுவானது. வாடகை வீட்டுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை தண்ணீரும் மழையும்.

வீட்டை நவம்பர் மாதத்தில், நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததை வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் இன்னும் மறக்கவில்லை. “இங்கே தண்ணி நிக்குமா சார்?” என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. மே மாதத்தில் இன்னொரு முறை போய், எதிர்வீட்டுக்காரரிடம் எந்த மாதத்திலிருந்து லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, போர்வெல் கைகொடுத்த தெருவில் வீடுகள் நிறைந்திருந்தன. மற்ற தெருக்களில் குடித்தனக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் குழாயும் கீசரும் சீக்கிரம் கெடும், அந்தச் செலவும் உங்களுடையது.

ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊரில் வாங்குகிறவர்கள் அந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களை நம்பிக் கட்டிய லைன் வீடுகள் 2020 ஊரடங்கில் மொத்தமாகக் காலியாயின. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யப் போனபோது அதேதான் நடந்தது. அரசு மருத்துவமனை, கலெக்டர் அலுவலகம், பழைய கல்லூரி, ரயில் நிலையம் இருக்கும் பகுதியில் வாடகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். சிறு முதலீட்டாளருக்கு அதுதான் நல்லது.

வாடகையைச் சொல்வதும் ஆளைத் தேர்வதும்

பக்கத்துத் தெருவில் 16,000 போகிற வீட்டுக்கு 17,000 கேட்டு இரண்டு மாதம் காலியாக வைத்திருந்தால் இழப்பு 32,000. அந்த ஆயிரம் ரூபாய் கூடுதலில் இதை மீட்க 32 மாதங்கள் ஆகும். பெரும்பாலான குடித்தனங்கள் அவ்வளவு காலம் இருப்பதில்லை. அதனால் சந்தை வாடகையைவிட ஐநூறு குறைத்துச் சொல்லி, வரும் பத்துப் பேரில் நல்லவரைத் தேர்ந்தெடுப்பதே சரி.

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பால் காய்ச்சிக் குடிபோகிறவர்கள் மிகக் குறைவு. பலர் புரட்டாசியையும் தவிர்ப்பார்கள். ஜூலை நடுவில் காலியாகும் வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டியே கிடக்கும். ஒப்பந்தம் முடியும் நாளை ஏப்ரல், மே மாதத்திலோ தை மாதத்திலோ வருமாறு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையில் வீடு மாறும் குடும்பங்கள் ஏராளம், அவர்கள் வந்தால் குறைந்தது ஒரு கல்வியாண்டாவது இருப்பார்கள். முதல் ஒப்பந்தம் பதினோரு மாதம்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. உங்களுக்குத் தோதான மாதத்தில் முடிகிற மாதிரி எட்டோ பத்தோ மாதத்துக்குப் போடலாம்.

வீடு கேட்டு வருகிறவரிடம் என்ன வேலை, எங்கே, எத்தனை பேர், இப்போது இருக்கும் வீட்டை ஏன் விடுகிறார்கள் என்று கேளுங்கள். வாடகை அவர் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசியுங்கள். இப்போதைய வீட்டு உரிமையாளரைவிட, அதற்கு முந்தைய உரிமையாளரிடம் விசாரிப்பது பலன் தரும். இப்போதையவர், தொல்லை விட்டால் போதும் என்று நல்ல வார்த்தை சொல்லிவிடக்கூடும். ஆதார் நகலும் புகைப்படமும் வாங்கி, குடித்தன விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிந்துவிடுங்கள்.

சாதி, மதம், என்ன சமைக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. இது அநீதி என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஒரு மனிதர் தன் குழந்தைகள் முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தலைகுனிந்து போவதற்கு நாம் காரணமாகக் கூடாது. தனியாக வசிக்கும் பெண்களுக்கும், கணவரை இழந்தவர்களுக்கும் வீடு தர மறுப்பதும் அப்படியே. வாடகையை ஒழுங்காகக் கொடுப்பதற்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எழுத்தில் இருக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் குறித்த சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் உள்ளது. பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் வந்தது. இருபது ரூபாய் பத்திரத்தில் டைப் அடித்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். புதிய சட்டத்தில் எவ்வளவு காலத்துக்கானதாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே இதைச் செய்யலாம். பின்னால் ஒரு நாள் நீதிமன்றம் போக நேர்ந்தால் இந்தப் பதிவு எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஒப்பந்தத்தில் வாடகை, எந்தத் தேதிக்குள், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பராமரிப்புக் கட்டணம் யாருடையது என்பவை தெளிவாக இருக்கட்டும். வீட்டில் இருக்கும் ஃபேன், லைட், கீசர், சாவிகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இணையுங்கள். குடிவரும் நாளில் ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ வாங்குங்கள், ரொக்கமாக வாங்கினால் ரசீது கொடுங்கள்.

பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்ற பயத்தில் நல்ல குடித்தனக்காரரையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. உங்கள் அனுமதியோடு, வாடகை கொடுத்து இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த உரிமை அவருக்கு வராது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அது போதும்.

அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய காலம் ஒன்று உண்டு. இப்போதைய சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. மூன்று மாதமே வாங்குங்கள். அதை அப்படியே ஒரு நிரந்தர வைப்பில் தனியாகப் போட்டுவிடுங்கள். சிறு உரிமையாளர்களுக்கும் குடித்தனக்காரர்களுக்கும் வரும் சண்டைகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அட்வான்ஸ் பணம் மகள் கல்யாணத்துக்கோ வண்டி வாங்கவோ செலவாகியிருக்கும். புதிய ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் பழைய ஆளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்ற நிலை. அந்த அவசரத்தில் யார் வந்தாலும் சாவியைக் கொடுத்துவிடுவோம்.

மதுரையிலும் தெற்கு மாவட்டங்களிலும் ஒத்தி என்றும், சென்னையில் லீஸ் என்றும் சொல்கிற முறையில் வாடகை கிடையாது. ஐந்து, பத்து லட்சம் மொத்தமாக வாங்கி, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்ப வேண்டும். அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் வழி இப்போதே உங்கள் கையில் இல்லையென்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

இதையொட்டி ஒரு மோசடியும் நடக்கிறது. ஓர் இடைத்தரகரோ நிறுவனமோ வந்து, சந்தையைவிட அதிக வாடகை தருகிறோம், ஆள் தேடுவது முதல் பராமரிப்பு வரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்பார்கள். அவர்கள் அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்குப் பல லட்சத்துக்கு லீசுக்கு விட்டுவிட்டு, சில மாதங்கள் உங்களுக்கு வாடகையை ஒழுங்காக அனுப்பி, பிறகு காணாமல் போய்விடுவார்கள். வீட்டுக்குள் இருக்கும் குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் இழந்து உங்கள் எதிரே நிற்கும். வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருப்பவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். யார் குடியிருக்கிறார்களோ அவர்களிடமே நேரடியாக ஒப்பந்தம் போடுங்கள். வருடத்தில் ஒருமுறையாவது நீங்களோ நம்பகமான உறவினரோ போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அதற்கும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. சட்டமும் அதையே சொல்கிறது.

பழுதும் கரண்டும்

யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதைச் சட்டத்தின் அட்டவணை பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய்களை மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், கீசர் பழுது, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் “அக்கா, பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது” என்று போன் வந்தால் அட்டவணையைத் தேடாமல் பிளம்பரை அனுப்புங்கள். இன்றைக்கு ஐநூறு ரூபாயில் முடிகிற ஒழுகல், ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும்போது ஐம்பதாயிரத்தில் நிற்கும். அதைவிட முக்கியம், சொன்னவுடன் ஆள் வரும் வீட்டை யாரும் எளிதில் காலி செய்வதில்லை.

மின்சாரத்தில் சம்பாதிக்க நினைக்காதீர்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து, அந்த இலவசத்தை நாம் எடுத்துக்கொண்டு, குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வாங்குவது மாதம் சில நூறு ரூபாய்க்காக நல்ல உறவைக் கெடுத்துக்கொள்வதாகும். போர்ஷனுக்குத் தனி வழியும் தடுப்பும் இருந்தால் தனி இணைப்பு வாங்கிக்கொடுத்துவிடுங்கள். அவர் பில்லை அவர் கட்டுவார். ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று இணைப்பு எண்ணை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வாடகை நின்றுபோனால்

ஒரு மாதம் தாமதமானால் பேசுங்கள். வேலை போயிருக்கலாம், மருத்துவச் செலவு வந்திருக்கலாம். தவணையாக வாங்கிக்கொள்வதாக இருந்தால் அதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வையுங்கள். இரண்டு மாத வாடகை நின்றுவிட்டால் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கியைச் செலுத்தாவிட்டால் வெளியேற்றக் கோரி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அட்வான்ஸ் கரையும்வரை காத்திருந்து நான்காவது மாதம் விழித்துக்கொள்கிறவர்கள் எந்தப் பிடியும் இல்லாமல் நிற்கிறார்கள். என்ன கோபம் இருந்தாலும் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூசைப் பிடுங்குவது, பூட்டுப் போடுவது கூடாது. சட்டம் இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. அதோடு, நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கு அன்றோடு எதிர்ப்பக்கம் போய்விடும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் செலுத்திய சொத்துவரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காகப் பில் எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் வருமானவரியின் புதிய முறையில் இருப்பவர்கள், வட்டியால் ஏற்படும் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் ஈடுகட்ட முடியாது. கடன் வாங்கி வரியை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். சொத்துவரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு பிறந்ததும் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும்.

காலி செய்யும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குடிவந்த அன்று எடுத்த வீடியோவையும் பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் நிறம் மங்கியதும் ஆணி அடித்த ஓட்டையும் மனிதர்கள் வாழ்ந்த வீட்டில் இயல்பாக வருபவை. பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய விட்டுவிடுங்கள். உடைந்த வாஷ்பேசின், கட்டாத கரண்ட் பில் போன்றவற்றுக்கு மட்டும் தொகையைக் கழித்து, கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதி அட்வான்சைத் திருப்பச் சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவியை வாங்கும்போதே பணத்தை அனுப்பிவிடுங்கள். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவர்களுக்கு அது அன்றைக்கே தேவைப்படுகிறது.